கிரீன் கார்டு, வாக்காளர் பட்டியல், பெயர்க் குழப்பம்: அமெரிக்கத் தமிழர்கள் கவனிக்க வேண்டியவை

அமெரிக்காவில் குடிவரவு வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் நான். தேர்தல் நெருங்கினால் என்னிடம் தவறாமல் வரும் கேள்வி: "கிரீன் கார்டு இருக்கே, ஓட்டுப் போடலாமா?" கூடாது. கிரீன் கார்டு என்பது நிரந்தரமாகத் தங்கும் அனுமதிதான், குடியுரிமை இல்லை. நாடாளுமன்றத்துக்கோ அதிபர் பதவிக்கோ நடக்கும் தேர்தலில் குடியுரிமை இல்லாதவர் வாக்களிப்பது 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஓராண்டு வரை சிறை உண்டு, நாடு கடத்தலுக்கும் அதுவே காரணமாகலாம்.

நான் பார்த்த வழக்குகளில் யாரும் திட்டமிட்டு வாக்களிக்கப் போனவர்கள் இல்லை. சிக்கல் ஓட்டுநர் உரிம அலுவலகத்தில்தான் தொடங்கியிருக்கிறது. உரிமம் வாங்க வருபவருக்கு அங்கேயே வாக்காளராகப் பதியவும் வழி செய்ய வேண்டும் என்கிறது 1993-ஆம் ஆண்டின் தேசிய வாக்காளர் பதிவுச் சட்டம். கோடிக்கணக்கானோரைப் பட்டியலில் சேர்த்த நல்ல சட்டம் அது. ஆனால் கவுன்டரில் இருப்பவர் வேகமான ஆங்கிலத்தில் "ரெஜிஸ்டர் செய்யவா?" என்று கேட்க, உரிமத்தைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து நம்மவர் தலையாட்டிவிடுகிறார். திரையில் "நான் அமெரிக்கக் குடிமகன்" என்ற வரிக்குக் கீழே கையெழுத்தும் போட்டாகிவிடுகிறது.

பல ஆண்டுகள் கழித்துக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீர்களா, வாக்களித்தீர்களா என்று என்-400 படிவம் நேராகவே கேட்கிறது. அப்போதுதான் பலருக்குத் தூக்கம் போகிறது. குடிமகன் என்று பொய்யாகச் சொல்லிக்கொள்வதற்குக் குடிவரவுச் சட்டத்தில் மன்னிப்பு மிக அரிது. அப்படி ஏதாவது நடந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால், விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள். மறைக்கவும் வேண்டாம், நீங்களாகவே ஒரு விளக்கக் கடிதம் எழுதி அனுப்பவும் வேண்டாம்.

சரி, இப்போது நடக்கும் அரசியல் சண்டைக்கு வருவோம். வாக்காளராகப் பதியும்போது பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ் போன்ற ஆவணத்தைக் காட்டியே தீர வேண்டும் என்னும் 'சேவ்' மசோதா 2025 ஏப்ரலில் கீழவையில் 220-208 என நிறைவேறியது. மேலவையான செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே 60 பேர் ஆதரவு வேண்டும் என்பதுதான் அதற்கு முட்டுக்கட்டை. அதற்கு முந்தைய மாதம் அதிபர் டிரம்ப் இதே நோக்கில் ஓர் ஆணையும் பிறப்பித்தார். தேர்தல் விதிகளை வகுக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பு மாநிலங்களுக்கும் காங்கிரஸ் எனப்படும் நாடாளுமன்றத்துக்கும்தான் கொடுத்திருக்கிறது என்று சொல்லி, ஆவணம் கேட்கும் பகுதியை நீதிமன்றம் தடுத்துவிட்டது.

பட்டியல் சுத்தமாக இருக்க வேண்டும் என்பவர்களின் அக்கறையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இந்த வழியைக் கன்சாஸ் மாநிலம் ஏற்கெனவே முயன்று பார்த்துவிட்டது. 2013-இல் அங்கே குடியுரிமை ஆவணம் கட்டாயமானது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பதிவு நின்றுபோனது. அதை எதிர்த்த வழக்கின் விசாரணையில், பல ஆண்டுகளில் பட்டியலுக்குள் நுழைந்த குடியுரிமை இல்லாதவர்கள் அதிகபட்சம் 39 பேர் என்றே நீதிமன்றம் கண்டது. 2018-இல் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பானது, 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 39 பேரைத் தடுக்க முப்பதாயிரம் பேரை வெளியே நிறுத்துவது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை.

குடியுரிமை பெற்றுவிட்ட நம்மவர்களுக்கு இதைவிட நெருக்கமானது டெக்சாஸ் கதை. 2019 ஜனவரியில், குடியுரிமை இல்லாதவர்களாக இருக்கலாம் என்று சுமார் 95,000 வாக்காளர்களை அந்த மாநிலம் குறித்தது. உரிமம் வாங்கியபோது கிரீன் கார்டு காட்டி, பிறகு முறையாகக் குடிமக்களானவர்கள் அதில் ஏராளம். பழைய பதிவு பழையபடியே கிடந்ததுதான் காரணம். வழக்குகள் வந்தன, சில மாதங்களில் அந்த நடவடிக்கை கைவிடப்பட்டது. ஆகவே குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்ததும் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்திலும் ஓட்டுநர் உரிம அலுவலகத்திலும் உங்கள் பதிவு மாறிவிட்டதா என்று பாருங்கள்.

அப்புறம், பெயர். இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கியவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயருக்கு மாறிய பெண்கள், இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்ததால் விசாவில் முதற்பெயரே 'எஃப்.என்.யூ' (முதற்பெயர் தெரியவில்லை) என்று ஏறிவிட்டவர்கள் என்று நம்மிடம் எத்தனை வகை! உரிமத்தில் ஒரு பெயர், சான்றிதழில் இன்னொரு பெயர். ஆவணச் சட்டம் வந்தால் முதலில் தடுக்கி விழப்போவது இவர்கள்தான். சட்டம் வருகிறதோ இல்லையோ, எல்லா ஆவணத்திலும் ஒரே பெயரைக் கொண்டுவந்துவிடுங்கள், பெயர் மாற்ற ஆணை இருந்தால் பத்திரப்படுத்துங்கள். குடியுரிமை பெற்றதும் அமெரிக்கப் பாஸ்போர்ட் எடுத்துவிடுவது நல்லது. சான்றிதழ் தொலைந்தால் நகல் வாங்க 500 டாலருக்கு மேல் ஆகும்.

குடியுரிமை பெற்ற அம்மா அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது என்று வாக்குச்சாவடிக்குக் கூட்டிப்போகாமல் விட்டுவிடுகிறார்கள் பலர். அது வீண் தயக்கம். வாக்குரிமைச் சட்டத்தின் 208-ஆம் பிரிவுப்படி, படிக்க இயலாதவர் தமக்கு விருப்பமான ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். வேலை கொடுப்பவரும் அவருடைய பிரதிநிதியும் தொழிற்சங்க நிர்வாகியும் சங்கத்தின் பிரதிநிதியும் மட்டும் துணையாக வரக்கூடாது. மகனோ மகளோ கூடவே நின்று வாக்குச்சீட்டைத் தமிழில் படித்துச் சொல்லலாம். யாருக்கு வாக்கு என்பதை மட்டும் அவர்களே முடிவு செய்யட்டும்.