கழன்று காக்கும் கழுத்துப்பட்டை: காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன்

வேலியிலோ கிளையிலோ சிக்கினால் தானாகக் கழன்று பூனையை விடுவிக்கும் பட்டை ஒன்றை உருவாக்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘இழுத்தால் கழலும் பட்டை’ என்ற யோசனைக்குக் காப்புரிமை கிடைக்காது. அப்படிப்பட்டவை எப்போதோ சந்தைக்கு வந்துவிட்டன. உங்கள் பக்கிள் எப்படிக் கழல்கிறது என்பதற்குத்தான் கிடைக்கலாம். அதுவும் புதியதாக, துறை தெரிந்தவருக்குச் சட்டென்று தோன்றாததாக, தயாரிக்கக்கூடியதாக இருந்தால்தான்.

முதல் வேலை தேடல். ஏற்கெனவே உள்ள காப்புரிமைகளைத் தேட உதவும் எஸ்பாஸ்நெட், பேட்டன்ட்ஸ்கோப், கூகுள் பேட்டன்ட்ஸ் ஆகிய இணையதளங்கள் மூன்றும் இலவசம். ‘பூனைப் பட்டை’ என்று தேடினால் பாதி தப்பிவிடும். ‘விலங்கைக் கட்டுப்படுத்தும் சாதனம்’ என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். பட்டைகளுக்கும் கயிறுகளுக்கும் உரிய ஏ01கே 27/00 (A01K 27/00) என்ற காப்புரிமை வகைப்பாட்டு எண்ணிலும் தேடுங்கள். அடையாள அட்டை நாடாவில் உள்ள கழலும் பூட்டையும் விடாதீர்கள், காப்புரிமை அலுவலக ஆய்வாளர் அதைக் காட்டியே மறுக்கலாம். விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதம் கழித்தே வெளியாகும் என்பதால், எந்தத் தேடலும் முழுமையாகாது.

விண்ணப்பிக்கும்வரை வீடியோ, விற்பனை, கண்காட்சி எதுவும் வேண்டாம். நீங்களே வெளியிட்டிருந்தாலும் புதுமை போய்விடும். அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியாவில், நீங்கள் வெளியிட்ட 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்கச் சலுகை உண்டு. ஐரோப்பாவில் அநேகமாக இல்லை. பிறர் வீட்டுப் பூனைக்கு மாட்டிச் சோதிப்பதென்றால் முதலில் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள்.

பலரும் சறுக்குவது உரிமைக்கோரல், அதாவது எதற்கெல்லாம் உரிமை கேட்கிறோம் என்பதை வரையறுக்கும் பகுதி, எழுதும்போதுதான். பக்கிளின் ஒரு பாதியில் வளையும் நாக்கு, மறுபாதியில் அது அமரும் பள்ளம், பிடியை இறுக்கித் தளர்த்த ஒரு திருகு என்று வைத்துக்கொள்வோம். முதன்மைக் கோரலில் ‘திருகு’ என்று எழுதினால், போட்டியாளர் அந்த இடத்தில் நகரும் தகடு வைத்துத் தப்பிவிடுவார். ‘பூனை’ என்று எழுதினால் முயல் பட்டை தப்பிவிடும். முதன்மைக் கோரலில் ‘பிடியை மாற்றும் அமைப்பு’ என்று எழுதி, திருகை, முதன்மைக் கோரலைச் சார்ந்து கூடுதல் விவரம் சொல்லும் சார்புக் கோரலுக்குத் தள்ளுங்கள். ஆனால் விளக்கத்தில் திருகு ஒன்றை மட்டும் காட்டிவிட்டு அகலமாகக் கோரினால் நிற்காது. தகடு, மாற்றக்கூடிய செருகு என்று இரண்டு மூன்று வடிவங்களைப் படத்தோடு, உறுப்பு எண்களோடு விளக்குங்கள். எவ்வளவு இழுவிசையில் கழல்கிறது என்பதை அளந்து, அந்த வரம்பையும் சேர்த்து எழுதுங்கள். தாக்கல் செய்தபின் புதிதாக எதையும் சேர்க்க முடியாது. முழு விண்ணப்பத்துக்கு முன் தேதியைப் பிடித்துவைக்கப் போடும் தற்காலிக விண்ணப்பத்தை அரைப் பக்கத்தில் முடிப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்: அதில் இல்லாத அம்சத்துக்கு அந்தத் தேதி செல்லாது.

முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் மற்ற நாடுகளில் முன்னுரிமையோடு, அதாவது அந்த முதல் தேதியே கணக்கில் வரும்படி, விண்ணப்பிக்கலாம். அதே கெடுவுக்குள், காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தத்தின்கீழ் பல நாடுகளுக்கும் சேர்த்துப் போடும் பிசிடி விண்ணப்பம் போட்டால், நாடுகளைத் தேர்ந்தெடுக்க முதல் தேதியிலிருந்து பெரும்பாலும் 30 மாதம்வரை நேரம் கிடைக்கும். உலகம் முழுவதற்கும் ஒரே காப்புரிமை என்று ஒன்று கிடையாது. கிடைத்த நாட்டில், கட்டணம் கட்டிப் புதுப்பித்துவந்தால், தாக்கல் தேதியிலிருந்து 20 ஆண்டு நிற்கும்.

காப்புரிமை பாதுகாப்புச் சான்றிதழ் அல்ல. விற்பதற்கான அனுமதியும் அல்ல. மற்றவர் செய்வதைத் தடுக்கும் உரிமை மட்டுமே. உங்கள் பக்கிளுக்குள் இருக்கும் பூட்டுக்கு வேறொருவரின் காப்புரிமை அந்த நாட்டில் உயிரோடு இருந்தால், அவரிடம் உரிமம் வாங்கித்தான் விற்க வேண்டும்.