அடைப்பு யாருடையது? கடைசி சேம்பரைத் திறந்து பாருங்கள்

கழிவறையில் தண்ணீர் இறங்கவில்லை என்றால் நகராட்சி ஊழியர் "இது வீட்டு லைன்" என்பார், பிளம்பர் "ரோட்டு லைன்" என்பார். தமிழ்நாட்டில் பாதாளச் சாக்கடை உள்ள ஊர்களில் இந்த இழுபறி தீர, முதலில் எல்லை தெரிய வேண்டும்.

காம்பவுண்டுச் சுவரையொட்டி உள்பக்கம் இருக்கும் கடைசி சேம்பர் (வீட்டுக் கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் மூடி போட்ட தொட்டி) வரை எல்லாமே வீட்டுக்காரர் பொறுப்பு. தெருவில் ஓடும் பிரதானக் குழாயும் மேன்ஹோலும் உள்ளாட்சியுடையவை. சென்னையில் குடிநீர் வாரியத்துடையவை.

அந்தக் கடைசி சேம்பரின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, கழிவறையில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். சேம்பருக்குத் தண்ணீர் வரவே இல்லையென்றால் அடைப்பு உங்கள் வளாகத்துக்குள், பிளம்பர் போதும். சேம்பர் ஏற்கெனவே நிரம்பி நிற்கிறதா? பக்கத்து வீட்டு சேம்பரையும் பாருங்கள். அங்கும் நின்றால் தெரு லைன். உங்களுக்கு மட்டும் என்றால், சேம்பருக்கும் மேன்ஹோலுக்கும் நடுவில் உள்ள இணைப்புக் குழாய். சண்டை அதிகம் வருவது இந்தத் துண்டில்தான். சாலையைத் தோண்ட அனுமதி வேண்டும் என்பதால், எப்படியும் அலுவலகத்தில் எழுத்தாகக் கொடுத்துப் புகார் எண் வாங்கிவிடுங்கள். சென்னையில் 1916 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். "சாக்கடை அடைப்பு" என்று மட்டும் சொல்லாமல், எந்தக் கதவு எண்ணுக்கு எதிரே உள்ள மேன்ஹோல், எத்தனை வீட்டில் நிற்கிறது என்று சொன்னால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட் ராடிங் வண்டி நேராக அங்கே வரும்.

மழை நாளில் மட்டும் பொங்குகிறதா? மொட்டைமாடித் தண்ணீரை யாரோ சேம்பரில் விட்டிருக்கலாம். கழிவுநீரை மட்டும் கணக்கிட்டுப் போட்ட குழாய் மழையைத் தாங்காது. நம் வீடாகவும் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்!

பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் செப்டிக் டேங்க் வீட்டுக்காரர் செலவு. ஐந்து பேருக்கு, இந்தியத் தர நிர்ணயப்படி, உள்ளளவு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 1 மீட்டர் நீர் ஆழம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுக்க வேண்டும். வெளியேறும் குழாய் உள்வரும் குழாயைவிட 5 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். அடியில் தளம் போடாமல் விடுவது, "பெரிசாக் கட்டினால் எடுக்கவே வேண்டாம்" என்று மூடிமேல் டைல்ஸ் ஒட்டுவது இரண்டும் அன்றாடம் நடக்கும் தவறுகள். கசடு ஏற ஏற நீருக்கு இடம் குறைந்து, அது தெளியாமலே வெளியேறும். பிறகு, டேங்கிலிருந்து வரும் நீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சுகுழியும் அடைத்துக்கொள்ளும்.

கழிவறைக் குழாயைத் திறந்த சாக்கடையில் விடுவதை கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் சுகாதாரமற்ற கழிப்பறை என்ற வகையில் சேர்க்கிறது. அதை மாற்றும் செலவு வீட்டுக்காரருடையது. இப்படிப்பட்ட கழிப்பறைகளைக் கணக்கெடுப்பதும், பொதுக் கழிப்பறை கட்டுவதும் உள்ளாட்சியின் கடமை.

டேங்கிலோ மேன்ஹோலிலோ ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைத்தால், அதே சட்டப்படி முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டுவரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் இல்லை என்பது பாதுகாப்புக்கு அடையாளம் அல்ல. கசடு எடுக்க 14420 என்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம். தனியார் லாரி என்றால் பணம் கொடுக்கும் முன் உரிமம் இருக்கிறதா, எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் கொட்டப்போகிறார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால், அந்த லோடு ஏரிக்கோ வாய்க்காலுக்கோதான் போகும்.