கவாத்து செய்த மூளை

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள தேயிலைச் சரிவில் போன வாரம் கவாத்து நடந்தது. இடுப்பளவு அடர்ந்து நின்ற செடிகள் இப்போது முழங்கால் உயரக் குச்சிகள். "இப்படி மொட்டையடிச்சிட்டீங்களே அண்ணே" என்றேன். "விட்டா மரமாப் போயிரும் தம்பி. கொழுந்து கைக்கு எட்டாது" என்றார் தோட்டக்காரர்.

செயற்கை மூளைகள், அதாவது கணினிக்குள் இயங்கும் செயற்கை நுண்ணறிவு, வளரும் விதத்திலும் இந்த வேலை உண்டு. அவை பெருத்துக்கொண்டே போகின்றன என்பது பாதி உண்மைதான். 2012-இல் படங்களை அடையாளம் கண்டு பெயர்பெற்ற அலெக்ஸ்நெட்டில் சுமார் 6 கோடி இணைப்பு எண்கள். 2020-இல் வந்த, மனிதரைப் போல எழுதும் ஜிபிடி-3இல் 17,500 கோடி.

மீதிப் பாதிதான் கவாத்து. இந்த மூளை ஒரு வலைப்பின்னல். அதில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எண் இருக்கிறது. அந்த இணைப்பின் பலம் அது. பயிற்சி முடிந்தபின் பார்த்தால் ஏகப்பட்ட எண்கள் பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்கும். சும்மா இடத்தை அடைப்பவை. 2015-இல் சாங் ஹானும் சக ஆய்வாளர்களும் அப்படிப்பட்டவற்றை அலெக்ஸ்நெட்டிலிருந்து வெட்டினார்கள். வெட்டியதும் திறமை குறையும். உடனே மறுபடி பயிற்சி கொடுத்தார்கள். மிஞ்சிய இணைப்புகள் சுமையைப் பகிர்ந்துகொண்டன. அப்புறம் இன்னொரு வெட்டு, இன்னொரு பயிற்சி. கடைசியில் 6.1 கோடி இணைப்புகள் வெறும் 67 லட்சமாகச் சுருங்கின, துல்லியம் குறையவில்லை. குழந்தையின் மூளையிலும் முதலில் நரம்பிணைப்புகள் தாராளமாக முளைத்து, வளர வளரப் பெருமளவு கழிக்கப்படுகின்றன.

வெட்டாமலே சமாளிக்கும் வழியும் இருக்கிறது. கொழுந்து பறிப்பவர்கள் தோட்டம் முழுக்க ஒரே நாளில் இறங்குவதில்லை. இன்று ஒரு பக்கம், நாளை இன்னொரு பக்கம். 2024 கடைசியில் வந்த டீப்சீக்-வி3 என்ற செயற்கை மூளை அந்த மாதிரி. மொத்தம் 67,100 கோடி எண்கள். ஒரு சொல்துண்டைக் கையாளும்போது விழித்திருப்பவை 3,700 கோடிதான். யாரை எழுப்புவது என்று முடிவுசெய்ய உள்ளேயே ஒரு சின்ன மேஸ்திரி உண்டு. இனி வரும் மூளைகள் ஒரே பெரிய கட்டியாக இருக்காது, இப்படித் துறைதுறையாகப் பிரிந்தே வளரும் என்பது என் ஊகம்.

தேயிலை உவமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. செடி தானே கத்தி எடுக்காது. ஆனால் 2016-இலேயே கூகுள் ஆய்வாளர்கள் ஒரு வலைப்பின்னலை வைத்தே இன்னொன்றின் வடிவத்தை வரையவைத்தார்கள். அது வரைந்து தரும், வரைந்ததைப் பயிற்றிச் சோதிப்பார்கள், கிடைத்த மதிப்பெண்ணைப் பார்த்து அடுத்ததைத் திருத்தி வரையும். எந்தெந்த உறுப்புகளை வைத்து வரையலாம், எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை மனிதர்கள்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.