அணைத்த பிறகும் சூடேறும் துணி

ஸ்கார்பரோவிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "தீபாவளிக்கு வீட்டில் எல்லாரும் நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தோம். துவட்டிய துண்டுகளை மெஷினில் துவைத்து, டிரையரில் போட்டு எடுத்து, சூட்டோடு மடித்துக் கூடையில் அடுக்கினேன். வெகுநேரம் கழித்துக் கையை விட்டுப் பார்த்தால் மேல் துண்டு ஆறியிருக்கிறது, நடுத்துண்டு ஆறவே இல்லை. சிக்கு வாடை வேறு. டிரையர் தீப்பிடிக்கும் என்கிறார்களே, அது இதுதானா?"

இதுவும்தான். ஆனால் டிரையர் தீ என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது லின்ட், அதாவது துணியிலிருந்து உதிரும் பஞ்சுத் தூசி. அந்தக் கதை எளிது. சூடான காற்று துணியின் ஈரத்தை வாங்கிக்கொண்டு குழாய் வழியே வெளியேறுகிறது. ஃபில்டரிலும் குழாயிலும் பஞ்சு அடைத்தால் காற்றோட்டம் குறையும், உள்ளே சூடு தேங்கும், ஹீட்டர் பக்கம் படிந்த பஞ்சு பற்றிக்கொள்ளும். 2008 முதல் 2010 வரை அமெரிக்க வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீ விபத்துகள் நடந்ததாக அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் கணக்கிட்டது. காரணங்களில் முதலிடம், சுத்தம் செய்யாமல் விட்டதற்கு: 34 சதவீதம். வெடிப்பு வேறு ரகம். பெட்ரோலோ தின்னரோ பட்ட துணியைத் துவைத்தாலும் மிச்சம் ஒட்டியிருக்கும். டிரையருக்குள் அது ஆவியாகிறது. காற்றில் பெட்ரோல் ஆவி ஒன்றரை சதவீத அளவை எட்டினாலே ஒரு பொறி போதும். அப்படிப்பட்ட துணியை டிரையர் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

பொறியும் இல்லாமல், சுவிட்சும் போடாமல், கூடையில் சும்மா இருக்கும் துண்டு எப்படிச் சூடேறுகிறது? எனக்கு அலுக்காத வேதியியல் இது.

எண்ணெயில் இருப்பவை கொழுப்பு அமிலச் சங்கிலிகள். சிலவற்றில் கார்பன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு உண்டு. நல்லெண்ணெயில் ஏராளமாக உள்ள லினோலெயிக் அமிலத்தில் அப்படி இரண்டு. அவற்றின் நடுவில் மாட்டிய கார்பனிடம் உள்ள ஹைட்ரஜனுக்குப் பிடிமானம் குறைவு. அது கழன்றதும் அந்த இடத்தில் காற்றின் ஆக்சிஜன் வந்து ஒட்டும். ஒட்டிய வேகத்தில் பக்கத்துச் சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கும். இப்போது அந்தச் சங்கிலிக்கும் அதே கதி. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வெப்பம் வெளிப்படுகிறது. சிக்கு வாடை இந்த வினையின் கழிவுதான்.

ஓர் எண்ணெயில் இரட்டைப் பிணைப்பு எவ்வளவு என்பதை அயோடின் எண் சொல்லும்: 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை உறிஞ்சுகிறது என்ற கணக்கு. தேங்காயெண்ணெய்க்கு அது 10ஐத் தாண்டுவதே அபூர்வம். நல்லெண்ணெய்க்கு 110 பக்கம். ஆளிவிதை எண்ணெய்க்கு 170க்கு மேல். மரச்சாமான்களுக்குப் பூசுகிறவர்கள் ஆளிவிதை எண்ணெய்த் துணியைக் கண்டு பயப்படுவது இதனால்தான். நல்லெண்ணெயில் செசமால் போன்ற காப்புப் பொருள்கள் இருப்பதால் அது சீக்கிரம் கெடாது. ஆனால் அந்தக் காப்பும் செலவழிந்து தீரக்கூடியது.

புட்டியில் இருக்கும் எண்ணெய் ஏன் எரிவதில்லை? காற்று படுவது மேற்பரப்பில் மட்டும். பருத்தித் துண்டிலோ எண்ணெய் ஒவ்வோர் இழையிலும் மெல்லிய படலமாகப் பரவிக் கிடக்கிறது. எரியத் தேவையான அத்தனையும் அங்கே கைக்கெட்டும் தூரத்தில்.

ஆனாலும் எல்லாத் துண்டும் பற்றுவதில்லை. ஏன் என்று கணக்காகக் காட்டியவர் ரஷ்ய வேதியியலாளர் நிக்கொலாய் செமியோனவ், 1928இல். ஒரு வரைபடம் போடுங்கள். கிடை அச்சில் துணியின் வெப்பநிலை, செங்குத்து அச்சில் வெப்பத்தின் வரவும் செலவும். துணி இழக்கும் வெப்பம் ஒரு நேர்க்கோடு: சுற்றுப்புறத்தைவிட எவ்வளவு சூடோ, அந்த விகிதத்தில் இழப்பு. வினை தரும் வெப்பம் அப்படி இல்லை. பத்து டிகிரிக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று வளைந்து செங்குத்தாக ஏறும். கோடும் வளைவும் இரண்டு இடங்களில் வெட்டிக்கொள்ளும். கீழ்ப்புள்ளி நிம்மதியானது, துணி கொஞ்சம் கூடுதலாகச் சூடானாலும் இழப்பு ஜெயித்து, அதை அங்கேயே திருப்பிக் கொண்டுவரும். மேல்புள்ளியைத் தாண்டினால் திரும்பி வர வழியில்லை. வரவு எப்போதும் செலவை மிஞ்சும், பற்றி எரியும்வரை.

துணிக் குவியல் பெரிதானால், நெருக்கி மடித்தால், வெப்பம் வெளியேறும் வழி குறைகிறது. நேர்க்கோடு படுத்துக்கொள்கிறது. ஓர் எல்லைக்கு மேல் அது வளைவைத் தொடுவதே இல்லை. தங்கி நிற்க ஒரு புள்ளியும் இல்லை. டிரையர் துணியை மேல்புள்ளியை நோக்கித் தள்ளுகிறது, சூட்டோடு மடிக்கும் நாம் கோட்டைச் சாய்க்கிறோம். செமியோனவ் இதற்கு வைத்த பெயர் வெப்ப வெடிப்பு. வெடிமருந்துக்கும் துண்டுக்கூடைக்கும் ஒரே சமன்பாடு! சங்கிலி வினைகள் உள்ளிட்ட ஆய்வுகளுக்காக 1956இல் அவருக்கு நோபல் கிடைத்தது.

டிரையர் இல்லாமலேயே இது என்ன செய்யும் என்பதை 1991 பிப்ரவரி 23 அன்று ஃபிலடெல்ஃபியா பார்த்தது. ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தின் 22ஆம் தளத்தில், மரப்பலகைகளுக்கு மெருகேற்றியவர்கள் ஆளிவிதை எண்ணெய்த் துணிகளைப் போட்டுவிட்டுப் போனார்கள். இரவில் அவை தாமாகப் பற்றின. மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். 30ஆம் தளத்தின் ஸ்பிரிங்க்ளர்கள்தான், அதாவது சூடுபட்டால் தானாக நீர் தெளிக்கும் குழாய்கள்தான், தீயை நிறுத்தின.

நம் ஊரில் வைக்கோல்போர் தானாக எரிந்தால் குட்டிச்சாத்தான் வேலை என்கிறார்கள். ஈரத்தோடு போர் போட்டால் முதலில் நுண்ணுயிர்களும் பிறகு ஆக்சிஜனேற்றமும் அதைச் சூடேற்றும்; மந்திரவாதிக்குக் கொடுக்கும் காசு வீண். படித்தவர்களிடமும் ஒரு குட்டிச்சாத்தான் உண்டு, அதன் பெயர் மின்கசிவு. காரணம் தெரியாத தீ எல்லாம் செய்தித்தாளில் மின்கசிவாகிவிடுகிறது. சாம்பலைச் சோதித்து உண்மைக் காரணத்தைச் சொல்லும் தீத் தடய ஆய்வுக்கு நம் பல்கலைக்கழகங்களில் பணம் ஒதுக்க வேண்டும். தவறான காரணத்தை எழுதிவைத்தால் அடுத்த தீயை எப்படித் தடுப்பது?

வாசகிக்குச் செய்யச் சொல்வது: எண்ணெய்த் துண்டுகளைச் சுடுநீரில், சோப்புத்தூள் தாராளமாகப் போட்டுத் துவைத்து, கொடியில் பிரித்துக் காயப்போடுங்கள். துவைத்த பிறகும் எண்ணெய் வாடை அடித்தால் டிரையர் வேண்டவே வேண்டாம். மற்ற துணிகளுக்கும், ஓட்டத்தின் கடைசிச் சில நிமிடங்கள் ஹீட்டர் இல்லாமல் சுழல்வது துணியை ஆற்றுவதற்காகத்தான். அவசரத்தில் நடுவில் நிறுத்தினால், உடனே எல்லாவற்றையும் வெளியே எடுத்து உதறி விரித்துவிடுங்கள்.