சிவப்பணு முதல் சூரியன் வரை: கன அளவுகளை ஒப்பிடுவது எப்படி?

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் எம்.சி.வி. என்ற வரிக்கு எதிரே 90 என்று அச்சாகியிருந்தால், ஒரு சிவப்பணுவின் சராசரிக் கன அளவு 90 ஃபெம்டோலிட்டர் என்று பொருள். பக்கத்துக்கு ஒரு மைக்ரோமீட்டர் உள்ள கனசதுரத்தின் கொள்ளளவே ஒரு ஃபெம்டோலிட்டர். இவ்வளவு சிறியதை அளக்கும் வழிக்கு அமெரிக்கரான வாலஸ் கோல்டர் 1953இல் காப்புரிமை பெற்றார். உப்புக் கரைசலில் மிதக்கும் அணுக்கள், மின்சாரம் பாயும் ஒரு நுண்துளை வழியே ஒவ்வொன்றாகச் செலுத்தப்படுகின்றன. துளைக்குள் நுழையும் அணு தன் கன அளவுக்குச் சமமான கரைசலை விலக்குவதால் மின்தடை ஒரு கணம் உயர்கிறது; எவ்வளவு உயர்கிறது என்பதே அணுவின் கன அளவைச் சொல்லிவிடுகிறது.

அந்த விடையை அதே அறிக்கையிலேயே சரிபார்க்கலாம். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 50 லட்சம் சிவப்பணுக்கள் இருந்தால், அவற்றின் மொத்தக் கன அளவு 50 லட்சம் பெருக்கல் 90, அதாவது 45 கோடி கன மைக்ரோமீட்டர். ஒரு கன மில்லிமீட்டரில் இருப்பதோ 100 கோடி கன மைக்ரோமீட்டர். ஆக, இரத்தத்தில் 45 விழுக்காடு சிவப்பணுக்களே, பி.சி.வி. என்ற வரியில் காணப்படுவதும் இந்த எண்தான்.

மில்லிமீட்டருக்கும் மைக்ரோமீட்டருக்கும் நீளத்தில் ஆயிரம் மடங்கே வேறுபாடு என்றாலும், நீளம், அகலம், உயரம் மூன்றிலும் அது பெருகுவதால் கன அளவில் நூறு கோடி மடங்காகிறது. பெரிய எண்களைப் பிடிக்குள் கொண்டுவர இதையே திருப்பிப் போட்டு, கனமூலம் எடுத்துப் பக்கத்தைக் கண்டால் போதும். காவிரிச் செய்திகளில் அன்றாடம் அடிபடும் டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. அதாவது பக்கத்துக்கு ஆயிரம் அடி உள்ள ஒரு பெட்டி. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவான 93.47 டி.எம்.சி.யை ஒரே பெட்டியில் நிரப்பினாலும், அதன் பக்கம் ஏறத்தாழ 4,540 அடி, அதாவது 1.4 கிலோமீட்டர்தான்.

கடல், பனிப்பாறை, நிலத்தடி நீர் என்று பூமியிலுள்ள நீர் முழுவதும் சுமார் 138.6 கோடி கன கிலோமீட்டர். அதை ஒரே உருண்டையாகத் திரட்டினால் விட்டம் 1,385 கிலோமீட்டர். நிலவின் விட்டத்தில் அது ஐந்தில் இரண்டு பங்கு. கன அளவிலோ நிலவில் பதினாறில் ஒரு பங்கைத்தான் அது எட்டும்.

சூரியனின் விட்டம் பூமியினுடையதைப்போல் 109 மடங்கு என்பதால், கன அளவு சுமார் 13 லட்சம் மடங்கு. ஆனால் "சூரியனுக்குள் 13 லட்சம் பூமிகளை அடைக்கலாம்" என்று பலரும் எழுதுவது, பூமிகளை உருக்கி ஊற்றினால் மட்டுமே பொருந்தும். சம அளவுள்ள உருண்டைகளை எப்படி அடுக்கினாலும் இடத்தில் சுமார் 74 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பாது என்று கெப்ளர் 1611இல் ஊகித்ததற்கு, தாமஸ் ஹேல்ஸ் 1998இல்தான் நிறுவல் தந்தார். அந்தக் கணக்கில் முழு உருண்டைகளாக அடங்கக்கூடியவை ஏறத்தாழ 9.6 லட்சம் பூமிகளே.

மூன்று முறை பெருக்கும்போது பிழையும் சேர்ந்து பெருகுகிறது. திருவாதிரை போன்ற தொலைதூர விண்மீனின் விட்டத்தைப் பத்து விழுக்காடு கூடுதலாகக் கணித்தால், கன அளவு 33 விழுக்காடு கூடுதலாகிவிடும். "இத்தனை கோடி சூரியன்களுக்குச் சமம்" என்ற வகை எண்களைவிட, அவற்றுக்கு அடிப்படையான ஆரத்தையும் அதன் பிழை வரம்பையும் பார்ப்பதே மேல்.