யாருடைய கருத்து?

பர்கூர்ப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், சொட்டுநீருக்கு வைத்திருந்த டைமர் பெட்டி எரிந்துவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். பெட்டியோடு வந்த விளக்கத் தாளையும் நாலாக மடித்து, சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருந்தார். ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு என்னிடம் வேலை பழகும் பையன் தமிழ்ப் பக்கத்தை உரக்கப் படித்தான்: "எதிர்மறை கருத்து வளையம் மின்னழுத்த ஒழுங்குமுறையைப் பராமரிக்கிறது. கருத்து ஊசியை மிதக்க விடாதீர்கள்."

படித்துவிட்டு என்னைப் பார்த்தான். "யாரு கருத்துணா?"

அவன் கேட்டது கிண்டலுக்கு இல்லை, நிஜமாகவே புரியவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. 'கருத்து மின்தடை', 'கருத்து மின்னழுத்தம்' என்று அச்சடித்த தாள் இந்த ஆண்டில் என் மேசைக்கு வருவது இது நான்காவது முறை. மூன்று முறை பேசாமல் கசக்கிப் போட்டேன். இனி எழுதிவிடுவது நல்லது.

ஆங்கிலப் பக்கத்தில் இருந்த சொல் ஃபீட்பேக். அதற்குத் தமிழ் கருத்து இல்லை, பின்னூட்டம். இதை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் அலையியற்றி (ஆசிலேட்டர்) படித்தவர்கள் எல்லோரும் நேர்ப் பின்னூட்டம் என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தான். காண் – காட்டு, பூண் – பூட்டு என்று வருவதுபோல, உண் – ஊட்டு. ஊட்டுவது ஊட்டம். 'பின்' என்பதற்கு இங்கே 'பிறகு' என்று பொருள் இல்லை. பின்வாங்கு, பின்னோக்கு என்பவற்றில் வருகிற பின். வெளியே போனதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொண்டுவந்து உள்ளே ஊட்டுவது பின்னூட்டம். ஆங்கிலச் சொல்லும் அதையேதான் சொல்கிறது. பிறப்புக் கதை இவ்வளவுதான். சண்டை வேறு இடத்தில் இருக்கிறது.

அதற்கு முன்னால் பெரியவரின் பெட்டியைத் திறந்துவிடுவோம். சோலார் பலகையில் சார்ஜ் ஏறும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள், தொடராக இணைத்து 24 வோல்ட். டைமர் போர்டுக்கு வேண்டியது 5 வோல்ட். நடுவில் எல்.எம். 2596 என்ற சில்லு, வினாடிக்கு ஒன்றரை லட்சம் முறை மின்சாரத்தைத் திறந்து மூடுகிறது. திறந்திருக்கும் நேரம் நூற்றுக்குச் சுமார் 21 பங்கு இருந்தால் 24 வோல்ட் 5 வோல்ட்டாக இறங்கும். வெயில் ஏறி பேட்டரி 28 வோல்ட்டுக்குப் போனால் அதே 21 பங்கில் வெளியே 5.9 வந்துவிடும், 18 பங்காகக் குறைத்தாக வேண்டும். யார் குறைப்பது? வெளியே வருகிற 5 வோல்ட்டை இரண்டு மின்தடைகளில், மேலே 3.1 கிலோ ஓம், கீழே 1 கிலோ ஓம் என்று பங்கு போட்டு, நடுவிலிருந்து ஒரு கம்பியைச் சில்லின் நான்காவது காலுக்குக் கொண்டுபோகிறார்கள். தாளில் 'கருத்து ஊசி' என்று போட்டது இந்தக் காலைத்தான். அந்தக் காலில் 1.23 வோல்ட் இருந்தால் சில்லு திறப்பை மாற்றாமல் சும்மா இருக்கும். கூடினால் திறப்பைக் குறைக்கும், குறைந்தால் கூட்டும். அந்தக் கம்பியில் போவதுதான் பின்னூட்டம்.

பெரியவர் பெட்டியில் அந்த மேல் மின்தடையின் காலில் டிரை சால்டர், அதாவது ஈயப் பற்று சரியாகப் பிடிக்கவில்லை. பெட்டியை மோட்டார் ஷெட்டுச் சுவரிலேயே மாட்டியிருக்கிறார். அதிர்ந்து அதிர்ந்து ஈயம் விட்டிருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் காலைச் சுற்றி மயிரிழை வட்டம். மேலே இணைப்பு அறுந்ததும் நான்காவது காலில் சுழி வோல்ட். சில்லுக்கு என்ன தெரியும்? வெளியே ஒன்றுமே போகவில்லை போலிருக்கிறது என்று முழுக்கத் திறந்துவிட்டது. 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 23 வோல்ட்டை ஒட்டிப் போய், 10 வோல்ட் கெப்பாசிட்டர் தலை உப்பி வெடித்து, டைமர் சில்லும் போய்விட்டது. பையனுக்கு மல்டிமீட்டரை வைத்துக் காட்டினேன். சரி, இப்போது சொல்லுங்கள், இதில் எங்கே யார் என்ன கருத்துச் சொன்னார்?

கருத்து என்பது சொல்பவர் ஒருவர், கேட்பவர் ஒருவர் இருந்தால்தான். அதோடு, கேட்பவர் அதைக் கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. கிராம சபையில் நாம் கருத்துச் சொல்கிறோம். நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். சாக்கடை இருந்த இடத்தில் இருக்கிறது. பின்னூட்டம் அப்படிப்பட்டதல்ல. அது உள்ளே போனால் போன கணத்தில் வெளியே வருவது மாறும். மாறாவிட்டால் அது பின்னூட்டமே இல்லை. ஊட்டு என்ற வினை இந்த வேலையைச் செய்கிறது. கருத்து என்ற சொல் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறது.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்றால், ஆங்கிலத்திலேயே அந்தச் சொல்லுக்கு இரண்டு வீடு. முதல் வீடு மின்சுற்றுதான். 1927 ஆகஸ்ட் 2 அன்று, பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஹெரால்ட் பிளாக் என்பவர் ஹட்சன் ஆற்றைப் படகில் கடக்கும்போது கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் தாளிலேயே எதிர்ப் பின்னூட்டப் பெருக்கியை (ஆம்ப்ளிஃபயரை) வரைந்துவிட்டார். தொலைபேசிப் பெருக்கிகளில் குரல் கெட்டுப்போவதுதான் அன்றைய தலைவலி. பெருக்கத்தில் பெரும்பங்கை விட்டுக்கொடுத்துவிட்டு, வெளியே வந்ததில் கொஞ்சத்தைத் திருப்பி எதிராக ஊட்டினால் கெடுதல் அடங்கும் என்பது அவருக்குப் பிடிபட்டது. 1928-ல் காப்புரிமைக்கு எழுதிப்போட்டார்; கிடைத்தது 1937-ல். கிடைத்த பெருக்கத்தை வேண்டுமென்றே குறைக்கிறேன் என்றால் யார் நம்புவார்கள்? அப்புறம் 1948-ல் நார்பர்ட் வீனர் சைபர்னெட்டிக்ஸ் என்று உயிருக்கும் எந்திரத்துக்கும் பொதுவாக இந்த எண்ணத்தை விரித்தார். அங்கிருந்து நிர்வாகம் படித்தவர்கள் கையில் சேர்ந்து, 'சாப்பாடு எப்படி இருந்தது, உங்கள் ஃபீட்பேக் சொல்லுங்கள்' என்ற இடத்துக்கு வந்து நின்றது. சாப்பாட்டுக் கடைக்குக் கருத்து சரிதான். அங்கே பின்னூட்டம் என்று எழுதினால்தான் சிரிப்பு வரும்.

இதில் நம்மவர்கள் பங்கும் உண்டு. தமிழில் வலைப்பதிவுகள் பெருகிய காலத்தில் பதிவுக்குக் கீழே வருகிற ஏச்சுக்கும் பேச்சுக்கும் பின்னூட்டம் என்று பெயர் வைத்தோம். எனக்கும் அப்போது அது இனித்தது. பின்னால் மறுமொழி, கருத்து என்று மாறியபோது, பின்னூட்டமும் கருத்தும் ஒன்றுக்கொன்று மாற்று என்ற எண்ணம் பலர் மனதில் தங்கிவிட்டது. மொழிபெயர்க்கும் எந்திரமும் நாம் எழுதிக் குவித்ததைத்தான் தின்று வளர்கிறது. 'உங்கள் கருத்தைத் தெரிவிக்கவும்' என்ற வரியை அது எத்தனை ஆயிரம் முறை பார்த்திருக்கும்? ஓட்டலையும் ஓம் விதியையும் ஒரே கண்ணால் பார்க்கிறது. எந்திரத்தின் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. அது தந்ததை ஒரு முறைகூடப் படிக்காமல் அச்சுக்கு அனுப்புகிறாரே, அவர்மேல்தான்.

'எதிர்மறை' தனிக் கொடுமை. எதிர்மறை என்பது இலக்கணத்தில் மறுத்துச் சொல்வது. ஓடாக் குதிரை, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அங்கே அது அழகு. நம் சுற்றில் யாரும் எதையும் மறுக்கவில்லை. ஏறினால் இறக்குகிறது, இறங்கினால் ஏற்றுகிறது. திசைதான் எதிர். எனவே எதிர்ப் பின்னூட்டம். நேர்மின், எதிர்மின் என்று ஏற்கெனவே பழகிய சோடி இருக்கும்போது ஒரு 'மறை'யை எதற்குச் சேர்க்க வேண்டும்? 'எதிர்மறை கருத்து' என்று படிக்கிறவனுக்கு, ஆன்லைனில் ஒரே ஒரு ஸ்டார் கொடுத்துவிட்டுத் திட்டியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

என் நண்பர் ஒருவர், காவேரிப்பட்டணத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், பின்னூட்டமும் வேண்டாம் என்கிறார். ஊட்டம் என்றால் சத்து, மின்சாரத்துக்கு ஏது சத்து, 'மீள்தகவல்' என்று வையுங்கள் என்பது அவர் கட்சி. மாலை நேரத் தேநீர் எத்தனையோ இதில் ஆறிப் போயிருக்கிறது. நான் சொல்வது: ஊட்டுவது சோற்றை மட்டுமா? நினைவூட்டுகிறோம், உயிரூட்டுகிறோம், வண்ணமூட்டுகிறோம். ஒன்றுக்குள் இன்னொன்றைச் செலுத்தி அதன் நிலையை மாற்றுவது எல்லாமே ஊட்டுவதுதான். தகவல் கருத்தின் பங்காளி. வந்து வாசலில் நிற்கும், உள்ளே போக வேண்டிய கட்டாயம் இல்லை. அதோடு மீள்தகவலிலிருந்து வினை பிறக்காது. 'பின்னூட்டிய மின்னழுத்தம்' என்று சொல்லலாம். 'மீள்தகவலிய' என்று சொல்ல முடியுமா?

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் கை ஓங்கியிருப்பதை மறைக்க மாட்டேன். பையனுக்குப் பாடம் எடுக்கும்போது நானே தகவல் என்ற வழியாகத்தான் போகிறேன். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையிலிருந்து வாய்க்காலில் தண்ணீர் விடுகிறார்கள் என்று வைத்துக்கொள். கடைமடையில் ஒருவன் நின்று, தண்ணீர் பற்றவில்லை என்றால் தலைமடைக்குப் போன் போடுகிறான், அங்கே மதகை ஏற்றுகிறார்கள். மிஞ்சினால் மறுபடி போன், இறக்குகிறார்கள். இது எதிர்ப் பின்னூட்டம். போன் போட்ட உடனே மதகை ஏற்றினாலும் தண்ணீர் வந்து சேர மணிக்கணக்காகும். அதற்குள் பொறுமையில்லாமல் நாலு போன் போட்டால், எல்லாம் சேர்ந்து வெள்ளமாக வரும். உடனே 'மூடு மூடு' என்பான், மறுநாள் வாய்க்கால் காய்ந்து கிடக்கும். கன்வெர்ட்டரிலும் இதே கதைதான். பின்னூட்டம் காலம் தாழ்ந்து போனால் எதிராகப் போனது நேராகிவிடும்; வெளியே மின்னழுத்தம் ஊஞ்சலாடும், சில சார்ஜர்கள் கீச்சென்று கத்தும். அதற்காகத்தான் பின்னூட்டப் பாதையில் ஒரு சிறு கெப்பாசிட்டரும் மின்தடையும் போட்டு அவசரத்தை அடக்குகிறார்கள். இதைச் சொன்னபோது ஆசிரியர், "பார்த்தீரா, போன்! தகவல்தானே?" என்று தொடையில் தட்டினார். பாதி சரி என்று ஒப்புக்கொண்டேன். மதகை ஏற்றுகிற பாதி ஊட்டலில்தான் இருக்கிறது என்பதை அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

பின்னூட்டத்துக்கு ஒரு மெய்யான குறை உண்டு. பாடநூலில் சார்ஜுக்குப் பெயர் மின்னூட்டம். ஒரே ஒரு எழுத்து வேற்றுமை. அச்சுப்பிழை விழுந்தால் பொருளே கவிழும். இதில் இடம் மாற வேண்டியது மின்னூட்டம் என்பது என் எண்ணம். இலங்கையில் ஏற்றம், மின்னேற்றம் என்கிறார்கள். நாமும் பேச்சில் 'சார்ஜ் ஏத்து', 'சார்ஜ் ஏறலை' என்றுதானே சொல்கிறோம்? யாரும் போனுக்கு சார்ஜ் ஊட்டுவதில்லை.

சரி, அந்தத் தாளில் மிச்சமிருந்ததையும் பார்த்துவிடலாம். 'மின்னழுத்த ஒழுங்குமுறை'. ஒழுங்குமுறை என்றால் எங்கள் பக்கம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம், இல்லையென்றால் மின்சார ஒழுங்குமுறை ஆணையம். விதி போட்டு நடத்துவது. உள்ளே 24 வந்தாலும் 28 வந்தாலும் வெளியே 5-ஐ அசையாமல் வைத்திருப்பது சீராக்கம். செய்யும் கருவி மின்னழுத்தச் சீராக்கி. செல்போன் சார்ஜரில் 100–240 வோல்ட் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறதே, கோடை மாலையில் எல்லா மோட்டாரும் ஓடி வீட்டு விளக்கு அழுது வடியும்போதும் போனில் சார்ஜ் ஏறுகிறதே, அது சீராக்கம். கீழே 'கடமை சுழற்சி' என்று ஒன்று. டூட்டி சைக்கிளாம். காவலருக்கு ஷிப்டு போட்ட மாதிரி இருக்கிறது. மடை எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்ற பங்குதானே, திறப்பு விகிதம் என்றால் போதும். தூய தமிழ் வேண்டும் என்று நான் அடம் பிடிப்பவன் இல்லை. கடையில் நாங்கள் ஃபீட்பேக், ஆப்டோ, டிரை சால்டர் என்றுதான் பேசுகிறோம். ஃபீட்பேக் என்று தமிழ் எழுத்தில் அடித்திருந்தால்கூட அந்தத் தாளைக் கும்பிட்டு வாங்கியிருப்பேன். தமிழ் மாதிரி இருந்துகொண்டு ஒன்றும் சொல்லாத தமிழ்தான் ஆகவில்லை.

மூன்றாம் நாள் பெரியவர் வந்தார். எழுதிய சூட்டோடு பில்லில் "பின்னூட்ட மின்தடை புதிது, கெப்பாசிட்டர், டைமர் சில்லு" என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஊட்டமா? ஏப்பா, நான் மரத்துக்குத்தானே ஊட்டம் வெப்பேன், இந்தப் பொட்டிக்குமா?"

பையன் திரும்பி நின்று சிரித்தான். எனக்கு வேறு வழியில்லை. தோட்டத்துக் கடைசியில் உங்கள் மகன் நின்றுகொண்டு, தண்ணி வந்தது, வரவில்லை என்று மோட்டார்கிட்ட இருக்கும் உங்களுக்குப் போன் பண்ணுவாரே, அந்த மாதிரி உள்ளே ஒரு கம்பி இருக்கிறது, அது விட்டுப்போச்சுங்க என்றேன்.

"அட, அவ்வளவுதானா? அப்ப போன் அந்துபோச்சுன்னு எழுது" என்று பில்லைத் திருப்பிக் கொடுத்தார்.