ரியாஸ் என்றால் ஒத்திகை இல்லை

இந்துஸ்தானி இசை கற்கும் இளம் பாடகர்கள், தபலா வாசிக்கிற பையன்கள், சிதார் கற்கும் பெண்கள் பற்றிய ஆவணப்படங்களும் தொடர்களும் இப்போது தமிழ் வசன வரிகளோடு கிடைக்கின்றன. நல்ல விஷயம். தினமும் தனியாக உட்கார்ந்து பாடிப் பழகுவதை, வாசித்துப் பழகுவதை அவர்கள் ரியாஸ் என்பார்கள். ஆனால் அவர்கள் வாயைத் திறந்து "ரியாஸ்" என்று சொன்னதும் கீழே "ஒத்திகை" என்று ஓடுகிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. "காலையில் நாலு மணிக்கு எழுந்து ஒத்திகை பார்ப்பேன்" என்று ஒரு பெண் சொல்வதாக வருகிறது. எதற்கு ஒத்திகை? அவளுக்கு அன்றைக்குக் கச்சேரி எதுவும் இல்லை, அடுத்த வருடம்கூட இருக்காது. ஒரு தடவை பார்த்தால் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். இதுவோ வழக்கமாகவே ஆகிவிட்டது, பத்திரிகை நேர்காணல்களிலும் நுழைந்துவிட்டது.

முதலில் சொல்லின் பிறப்பு. ரியாஸ் அரபியிலிருந்து பாரசீகம் வழியாக உருதுவுக்கும் இந்திக்கும் வந்தது. அரபி வேருக்குக் குதிரையைப் பழக்குதல், முரட்டுக் குட்டியை வசத்துக்குக் கொண்டுவருதல் என்ற பொருள் உண்டு. அங்கிருந்து உடலைப் பழக்குவது, மனத்தைப் பழக்குவது என்று விரிந்தது. இன்றைய அரபியில் ரியாளா என்றால் விளையாட்டு, உடற்பயிற்சி. சூஃபிகளின் பேச்சில் அதே சொல் நோன்பு, தனிமை, மனத்தை அடக்குதல். உருதுவில் ரியாஸி என்றால் கணிதம், அறிவைப் பழக்குகிற கல்வி என்பதால். நம் ஊரில் ரியாஸ் என்று பெயர் வைக்கிறார்களே, அது தோட்டங்கள் என்னும் பொருள். வேரெழுத்துகள் ஒன்றுதான், பொருள் வேறு கிளை.

இதில் தமிழர்களுக்குச் சுவையான ஒன்று இருக்கிறது. அந்த அரபிச் சொல்லில் வரும் எழுத்து, ரமளான் என்ற சொல்லில் நாம் 'ள' என்று சொல்லும் அதே எழுத்து. கடல் வழியாக நேரே அரபியிலிருந்து வாங்கியவர்கள் ரமளான் என்றோம், பாரசீகம் வழியாகத் தரைமார்க்கமாக வாங்கிய வடக்கே ரம்ஜான் என்றார்கள். ரியாஸ் தரைவழி வந்த சொல் என்பது அதன் கடைசி எழுத்திலேயே தெரிகிறது. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கமாக இறங்கியிருந்தால் 'ரியாள்' என்று ஏதாவது ஆகியிருக்கும்.

சரி, ஒத்திகைக்கு வருவோம். ஒத்துப் பார்ப்பதுதான் ஒத்திகை. ஒத்துப் பார்க்க வேண்டுமென்றால் முன்னாலேயே ஒன்று எழுதி முடிவாகியிருக்க வேண்டும், ஒரு நாடகம், ஒரு நடனம், ஒரு அணிவகுப்பு. அது மேடையேற ஒரு நாள் குறித்திருக்க வேண்டும். பெரும்பாலும் நாலு பேர் சேர்ந்து செய்வதாக இருக்கும். அந்த நாள் முடிந்ததும் ஒத்திகையும் முடிந்துவிடும். குடியரசு தின அணிவகுப்புக்கு ஒத்திகை உண்டு, சுனாமி ஒத்திகைகூட உண்டு. இந்த அடையாளங்களில் ஒன்றாவது ரியாஸில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கயால் என்ற இந்துஸ்தானி குரலிசை வகையைப் பாடும் ஒரு பாடகி மேடைக்குக் கொண்டுவரும் நிலையான பகுதி பந்திஷ் என்ற சிறு பாட்டு. அதில் ஸ்தாயி, அந்தரா என்று இரண்டு பகுதிகள், மொத்தமே நாலைந்து வரி. அதை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் பாடுவார்கள். ராகத்தை விரிக்கும் ஆலாபமும், வேகமான ஸ்வரக் கோவைகளான தான்களும் அந்தந்த நேரத்தில் பிறப்பவை. தபலாக்காரரைப் பல நேரம் அன்று மாலைதான் சந்திக்கிறார்கள், ராகம் என்ன, தாளம் என்ன, எந்த வேகம் என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒத்திகை என்பதற்கே பெரும்பாலும் இடமில்லாத இசை இது. அந்த இசையின் மையமான சொல்லை எடுத்து, அதில் இல்லாத ஒன்றின் பெயரை அதற்கு வைத்திருக்கிறோம்.

ரியாஸில் என்ன நடக்கிறது? விடிவதற்கு முன்னால் தம்பூராவை வைத்துக்கொண்டு மந்தர ஸ்தாயி ஸட்ஜத்தில், அதாவது கீழ்க்குரலில் 'ஸ' என்ற ஸ்வரத்தில் நிற்பது. ஸட்ஜம்தான் வடக்கே பேச்சில் கரஜ் ஆனது, அதனால் இதைக் கரஜ் ரியாஸ் என்பார்கள். ஒரே ஸ்வரம், மூச்சு முடியும்வரை, அப்புறம் மறுபடியும் அதே ஸ்வரம். குரல் உடைகிற பருவத்துப் பையன்களுக்கு இது இன்னும் கடினம், நேற்றுவரை எட்டிய இடம் இன்று எட்டாது, அதற்காகக் கத்தவும் கூடாது. பிறகு பல்டா, நம் சரளி வரிசை, ஜண்டை வரிசைக்கு உறவு: ஸரிகம, ரிகமப, கமபத என்று ஏறி இறங்குவது, முதலில் மெதுவாக, பிறகு இரட்டிப்பு வேகத்தில். மேருகண்ட் என்று ஒரு முறை உண்டு, இந்துஸ்தானிப் பாடகர் அமீர் கானின் பாட்டைக் கேட்டவர்களுக்கு இது தெரியும். நான்கு ஸ்வரங்களை 24 விதமாக மாற்றி அடுக்கலாம், ஏழு ஸ்வரங்களை 5,040 விதமாக அடுக்கலாம், அந்த அடுக்குகளைத் தொண்டையில் ஏற்றிவைப்பது. ரியாஸும் கணிதமும் ஒரே வேர்ச்சொல் என்று மேலே சொன்னது இங்கே வெறும் அகராதிச் செய்தி இல்லை. தபலாப் பையன் "தா தா தெ டெ தா தா தின் னா" என்ற தில்லி காயதாவை, அதாவது தபலாவின் பாடச் சொற்கட்டை, மாதக்கணக்கில் அடிக்கிறான். சிதார் பிடிக்கும் பெண்ணுக்கு இடக்கைச் சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் கம்பி அறுத்து, ஆறி, காய்ப்புக் காய்க்கிறது. இவற்றில் பெரும்பாலானவை எந்த மேடையிலும் அப்படியே வரப்போவதில்லை. கையும் தொண்டையும் சொன்னபடி கேட்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அரபிக்காரன் குதிரைக்குச் சொன்ன சொல் இதற்கு எவ்வளவு பொருத்தம்!

சிதார் கலைஞர் ரவி சங்கர் வாழ்க்கையிலேயே இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. அவர் சிறுவயதில் அண்ணன் உதய சங்கரின் நடனக் குழுவோடு ஐரோப்பாவெல்லாம் சுற்றியவர். நடனக் குழுவில் செய்தது ஒத்திகை, குறித்த நிகழ்ச்சிக்குக் குழுவாகச் சேர்ந்து செய்வது. 1938இல் அதையெல்லாம் விட்டுவிட்டு மைஹாரில் இசை குரு அலாவுதீன் கானிடம் போய்ச் சேர்ந்து வருடக்கணக்கில் செய்தது ரியாஸ். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் அவர் ஏன் அங்கிருந்து இங்கே போனார் என்பதே படிக்கிறவருக்கு விளங்காது. பிஸ்மில்லா கான் காசியில் பாலாஜி கோயிலில் உட்கார்ந்து ஷெனாய் ரியாஸ் செய்தவர். அதைக் "கோயிலில் ஒத்திகை பார்த்தார்" என்று எழுதினால், கோயில் விழாவில் வாசிப்பதற்குத் தயாரானார் என்று ஆகிவிடுகிறது. பொருளே மாறிப்போகிறது.

சில்லா என்று ஒன்று உண்டு. பாரசீகத்தில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. சூஃபிகள் 40 நாள் தனித்திருந்து வழிபடுவதைப் போல, தபலாக் கலைஞர்கள் வெளியுலகத் தொடர்பை விட்டுவிட்டு 40 நாள் ரியாஸிலேயே இருப்பது. இதை யாராவது "நாற்பது நாள் ஒத்திகை" என்று எழுதுவதற்குள் சொல்லிவிடுகிறேன்: தமிழில் இதற்கு 'ஒரு மண்டலம்' என்ற சொல் தயாராக இருக்கிறது. மண்டலம் 41 நாளா 48 நாளா என்று ஊருக்கு ஊர் மாறினாலும், விரதமாக எடுத்துக்கொண்டு ஒன்றைச் செய்வது என்ற உணர்வு அதில் அப்படியே இருக்கிறது.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தால் இரண்டு காரணம் தோன்றுகிறது. ஒன்று, மொழிபெயர்ப்பாளர் இந்தியைக் கேட்பதில்லை, ஆங்கில வசன வரியை வைத்துக்கொண்டு வேலை செய்கிறார், அங்கே ஏற்கெனவே ஒருவர் சறுக்கியிருக்கிறார். இன்னொன்று தாலீம் என்ற சொல். மராத்தியில் நாடக ஒத்திகைக்குத் தாலீம் என்றே பெயர், மல்யுத்தப் பயிற்சிக் கூடத்துக்கும் தாலீம் என்று பெயர், கோலாப்பூரில் எத்தனையோ தாலீம்கள் உண்டு. ஆனால் இந்துஸ்தானி இசையில் தாலீம் என்பது குரு சொல்லிக்கொடுப்பது. அறிவு என்ற பொருளுடைய இல்ம் என்ற அரபிச் சொல்லின் உறவு அது. தாலீம் குருவிடமிருந்து வருகிறது, ரியாஸ் தானே செய்துகொள்வது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாத மொழிபெயர்ப்பு எதற்கும் உதவாது. இந்துஸ்தானிப் பாடகர் பீம்சேன் ஜோஷி 1933இல் 11 வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பி, குவாலியர், ஜலந்தர் என்று அலைந்து, கடைசியில் குந்த்கோலில் பாடகர் சவாய் கந்தர்வரிடம் வந்து சேர்ந்தார். பையன் தேடி அலைந்தது தாலீமை. ரியாஸ் செய்ய வீட்டுத் திண்ணையே போதும்.

"சரி, ஒத்திகை வேண்டாம், பயிற்சி என்று போட்டுவிட்டால் போயிற்று" என்பார்கள். பயிற்சி தப்பில்லை, ஆனால் மொட்டையாக இருக்கிறது. ஓட்டுநர் பயிற்சி, தேர்தல் அலுவலர் பயிற்சி, தையல் பயிற்சி எல்லாமே பயிற்சிதான். தாலீமுக்கும் அதையே போடுகிறார்கள் என்பது பெரிய தொல்லை. "குருவிடம் பயிற்சி பெற்று, வீட்டில் பயிற்சி செய்து" என்று எழுதினால் யார் என்ன செய்தார்கள் என்றே தெரிவதில்லை.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமலா இருக்கிறது? சாதகம். கர்நாடக இசைக்காரர்கள், நாகசுரக்காரர்கள், தவில்காரர்கள் எல்லோரும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் சொல். "காலையில் சாதகம் பண்ணினாயா?" என்று எந்த வாத்தியாரும் கேட்பார். 'ஆ' என்றே பாடிப் பழகுவதை அகார சாதகம் என்பார்கள். ராப்பகலாக உழைத்து வாசித்தவரை அசுர சாதகம் செய்தவர் என்பார்கள், அந்த 'அசுர' என்ற அடைமொழி வேறெந்தப் பயிற்சிக்கும் ஒட்டாது. அசுர ஒத்திகை என்று சொல்லிப் பாருங்கள், தமிழ்க் காது ஏற்காது. ரியாஸில் இருக்கிற தனிமை, தினமும் செய்வது, முடிவே இல்லாமை, கொஞ்சம் தவம் போன்ற தன்மை, எல்லாம் சாதகத்தில் இருக்கிறது.

இதற்கு இரண்டு மறுப்பு வரும். முதலாவது, சாதகம் என்றால் ஜோதிடம் ஆயிற்றே என்பது. ஜாதகத்தின் ஜகரத்தை விலக்கிச் சாதகம் என்று எழுதத் தொடங்கியதால் வந்த சிக்கல் இது. ஆனால் வினைச்சொல்லே பிரித்துக் காட்டிவிடுகிறது. சாதகம் பார்த்தால் ஜோதிடம், சாதகம் பண்ணினால் இசை, சாதகமாக இருந்தால் அனுகூலம். தமிழ் பேசுகிற யாரும் இதில் தடுமாறியதில்லை. தடுமாறுவது அகராதியில் சொல்லை மட்டும் தேடுகிறவர்கள்தான்.

இரண்டாவது, அது வடசொல் என்பது. உண்மைதான், நிறைவேற்றுதல் என்ற பொருளுடைய வடமொழி வேர். தனித்தமிழில் எழுத விரும்புகிறவர்களை நான் மதிக்கிறேன், அவர்கள் உழைப்பால்தான் நமக்கு எத்தனையோ நல்ல சொற்கள் கிடைத்தன. ஆனால் வடசொல் என்று சாதகத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் ஒத்திகையை உட்கார வைப்பது தமிழுக்குச் செய்கிற தொண்டு ஆகாது. தமிழ்ச்சொல்தான் வேண்டும் என்றால் பழக்கம் இருக்கிறது. பழக்குவது என்பது குதிரைக்கும் யானைக்கும் நாம் சொல்வது, அரபி வேரின் பொருள் அப்படியே. "சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்" என்பதில் வரும் பழக்கம் ரியாஸ்தான், அச்சு அசலாக. இன்றைக்குப் பழக்கம் என்று தனியாகச் சொன்னால் காப்பிப் பழக்கம், சிகரெட் பழக்கம் என்று இறங்கிவிட்டதே என்ற ஒரே தயக்கம்தான். அதனால் குரற்பழக்கம், கைப்பழக்கம் என்று சேர்த்து எழுதலாம், "பாடிப் பழகுகிறாள்", "தபலாவில் கை பழகுகிறான்" என்று வினையாக எழுதலாம். நன்றாகவே இருக்கும். எனக்கு என்னவோ இசைக்காரர்கள் வாயில் இருக்கும் சாதகமே முதல் தேர்வு, பழகுதல் அதற்குப் பக்கத்துணை.

சாதனா என்பதில் இன்னொரு பள்ளம் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். இந்தியில் ஸ்வர சாதனா என்றால் ஸ்வரத்தைச் சாதகம் செய்வது. தமிழில் சாதனை என்பது செய்து முடித்த பெரிய காரியமாகிவிட்டது, உலக சாதனை, வாழ்நாள் சாதனையாளர் விருது என்று. "கரஜ் சாதனா" என்பதைக் "கரஜ் சாதனை" என்று எழுதினால், இன்னும் ஸட்ஜத்தில் நிற்கவே தடுமாறுகிற 12 வயதுப் பையன் ஏதோ பரிசு வாங்கியவன் போல ஆகிவிடுகிறான். எழுத்து ஒன்றாக இருக்கிறது என்பதற்காக ஒரு சொல்லை அப்படியே தூக்கி வைக்கக் கூடாது.

இதே ஆட்கள்தான் கரானாவைப் 'பள்ளி' என்கிறார்கள். "குவாலியர் பள்ளியைச் சேர்ந்த இளம் பாடகி" என்றால் சீருடையும் மணியும் உள்ள பள்ளிக்கூடம் என்றுதான் தோன்றும். கர் என்றால் வீடு, கரானா வீட்டுவழி வந்த பாணி. தஞ்சாவூர் பாணி என்று மிருதங்கத்துக்குச் சொல்கிறோமே, அதுபோலக் குவாலியர் பாணி, கிரானா பாணி என்று எழுதினால் யாருக்கும் புரியும். மொழிபெயர்க்கிறவர் ஒரே ஒரு இசை வாத்தியாரிடம் போன் போட்டு, "இதை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டாலே பாதித் தவறுகள் காணாமல் போகும். கேட்பதில்லை. புரிகிற மாதிரி இருந்தால் போதும் என்று சொல்லிவிடுகிறார்கள், தவறாகப் புரிகிறது என்பதுதானே என் புகாரே.

என் யோசனை இதுதான். முதல் தடவை வரும்போது ரியாஸ் என்றே எழுதுங்கள், அது அந்த உலகத்தின் சொல், வாசகருக்குத் தெரியட்டும். அடுத்த வரியிலிருந்து சாதகம் என்று எழுதுங்கள். தாலீமுக்குப் பாடம் என்று போடுங்கள், "அவரிடம் பாடம் கேட்டார்" என்பது நல்ல தமிழ். அம்மா மகளைப் பார்த்து "ரியாஸ் கரோ" என்று அதட்டும் காட்சியில் "போய்ச் சாதகம் பண்ணு" என்று ஓடட்டும். ஒத்திகையை, கச்சேரிக்கு முந்தின நாள் குழுவாக உட்கார்ந்து சரிபார்க்கும் காட்சி எப்போதாவது வந்தால், அங்கே வைத்துக்கொள்ளலாம்.